பிறர் வாயில் வைத்த சொல்

1979ஆம் ஆண்டு. நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் கர்ட்டிஸ் ஃபிஷர் என்னும் இளைஞர் தாம் புனைந்த ராப் அடிகளை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார். மேடையில் அவருக்குக் 'கேஸனோவா ஃபிளை' என்று பெயர். பின்னாளில் கிராண்ட்மாஸ்டர் காஸ் என்று அறியப்பட்டவர். அவருக்கு மேலாளராயிருந்த ஹென்றி ஜாக்ஸன், நியூ ஜெர்ஸியில் ஒரு பீட்ஸா கடையில் வேலை பார்த்தபடியே காஸின் ஒலிநாடாக்களைப் போட்டுக் கூடவே பாடிக்கொண்டிருப்பார். அதைக் கேட்ட ஓர் இசைத்தட்டு நிறுவனத்தார், பாடியவரே புனைந்தவரும் என்று எண்ணிப் புதிதாய் அமைத்த 'ஷுகர்ஹில் கேங்' குழுவில் அவரைச் சேர்த்துக்கொண்டனர். ஜாக்ஸன் காஸிடம் போய் அடிகளைக் கேட்டார். காஸும் குறிப்பேட்டை எடுத்துக் கொடுத்தார். அவ்வாறு உருவான 'ராப்பர்ஸ் டிலைட்' என்ற பாடல்தான் ராப் இசையை உலகறியச் செய்தது. காஸின் பெயர் அதில் இடம்பெறவில்லை. இல்லை என்று முற்றிலும் சொல்லவும் முடியாது. பாடலின் நடுவே ஜாக்ஸன் தம் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லும் இடம் ஒன்றுண்டு. அங்கே அவர் கூட்டிச் சொல்வது தம் பெயரையன்று; காஸின் மேடைப் பெயரை! வாங்கிய அடியைத் திருத்தக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

ராப் இசையின் வரலாற்றை எழுத முற்படுவோர் பலரும் இந்நிகழ்ச்சியைச் சொல்லிச் சிரித்துவிட்டு மேலே செல்வர். எனக்கோ இது சிரித்துக் கடக்கத்தக்கதாய்த் தோன்றவில்லை. நம் திரைப்படங்களில் பின்னணிப் பாடகர் குரல் தருகிறார், நடிகர் வாயசைக்கிறார், கவிஞர் எழுதுகிறார். மூவரும் தனித்தனி மனிதர் என்பது பார்ப்பவர் எல்லார்க்கும் தெரியும். ஆதலின் அங்கே வஞ்சகம் இல்லை. ராப் இசையின் நிலை வேறு. பாடுகிறவர் தம் பெயரைச் சொல்லி, தம் தெருவைச் சொல்லி, தாம் பட்டதையும் செய்ததையும் தாமே சொல்வதாகப் பாடுவது அதன் இலக்கணம். சாட்சி சொல்பவர் கூண்டில் ஏறி நிற்பது போன்றது அது. அக்கூண்டில் நிற்பவர் கையில் இன்னொருவர் எழுதிக் கொடுத்த தாள் இருக்குமானால் அந்தச் சாட்சியத்தை என்னவென்பது? எழுதிக் கொடுத்தவர் ஒருநாள் தாமே கூண்டில் ஏறினால் என்ன சொல்வார்?

இக்கேள்விக்கு அமெரிக்க ராப் உலகில் மிகத் துயரமான விடையாய் அமைந்தது டி.ஓ.சி. என்ற கலைஞரின் வாழ்வு. அவருடைய தனித் தொகுப்புகளை முன்வைத்தே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

டிரேஸி கரி என்பது அவருடைய இயற்பெயர், 1968இல் பிறந்தவர். டெக்ஸாஸ் மாநிலத்தின் டாலஸ் நகரில் 'ஃபீலா ஃப்ரெஷ் குரூ' என்ற சிறு குழுவில் டாக்-டி என்ற பெயரில் பாடிக்கொண்டிருந்தபோது, கலிஃபோர்னியாவின் இசையமைப்பாளர் டாக்டர் ட்ரேயின் கவனத்துக்கு வந்தார். ட்ரேயை நம்பி லாஸ் ஏஞ்சலிஸ் சென்றார். அங்கே ட்ரே, ஈஸி-ஈ, ஐஸ் கியூப், எம்.ஸி. ரென் முதலியோர் இணைந்த என்.டபிள்யூ.ஏ. என்னும் குழு வளர்ந்துகொண்டிருந்த காலம் அது. ஈஸி-ஈ எனப்பட்ட எரிக் ரைட், 'ரூத்லெஸ்' இசைத்தட்டு நிறுவனத்தின் உரிமையாளர். கவர்ச்சியான மெல்லிய குரலும் துணிவும் வாய்த்தவர். ஆனால் பாட்டெழுதும் பழக்கம் இல்லாதவர். அவருக்கு எழுதித் தருவோர் தேவைப்பட்டனர். 1988இல் வெளிவந்த அவருடைய 'ஈஸி-டஸ்-இட்' தொகுப்பின் சொற்கள் ஐஸ் கியூப், ரென், டி.ஓ.சி. ஆகிய மூவருடையவை. அதே ஆண்டின் 'ஸ்ட்ரெயிட் அவுட்டா காம்ப்டன்' தொகுப்பிலும் டி.ஓ.சி.யின் கை உண்டு. ஒரு பாடலில் குரலும் உண்டு.

இவ்விடத்தில் வாசகரிடம் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தத் தொகுப்புகளை நம் இல்லங்களில் பிள்ளைகளோடு அமர்ந்து கேட்க இயலாது. வறுமையும் போதைப்பொருளும் காவல்துறையின் அடக்குமுறையும் சூழ்ந்த காம்ப்டன் நகரின் கறுப்பின இளைஞர் நிலையை உள்ளவாறு காட்டியது அவற்றின் வலிமை. 1989இல் அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறையின் அதிகாரி ஒருவர் கண்டனக் கடிதம் எழுதும் அளவுக்கு அது சுட்டது. ஆனால் அதே மூச்சில் பெண்ணை இழிவுபடுத்துவதும், கொலையை விளையாட்டாகப் பேசுவதும் அப்பாடல்களில் மிகுதி. இவற்றைக் 'கலை' என்ற ஒரு சொல்லால் மூடிவிடுவோர் உண்டு. 'குப்பை' என்ற ஒரு சொல்லால் தள்ளிவிடுவோரும் உண்டு. இருவரும் பாட்டைக் கேட்கும் உழைப்பைத் தவிர்த்தவர்கள் என்றே நான் கருதுகிறேன். நான் கேட்க விரும்புவது வேறொன்று: ஈஸி-ஈயின் வாயிலிருந்து வந்த கொடுஞ்சொல்லுக்குப் பொறுப்பு யாருக்கு? பேசிய வாய்க்கா, எழுதிய கைக்கா?

அதற்கு விடை காண உதவுவது 1989இல் டி.ஓ.சி. தம் பெயரில் வெளியிட்ட முதல் தனித் தொகுப்பு. 'நோ ஒன் கேன் டூ இட் பெட்டர்' என்பது அதன் பெயர். 'இதை இன்னும் சிறப்பாய்ச் செய்வார் எவருமிலர்' என்று பொருள். இருபத்தொரு வயது இளைஞருக்கே உரிய தலைப்பு! இசை முழுவதும் டாக்டர் ட்ரேயினுடையது. கறுப்பினத்தார் இசைத் தொகுப்புகளுக்கான பில்போர்டு பட்டியலில் அது முதலிடம் பெற்றது. ஐந்து இலட்சம் படிகளுக்குரிய தங்கச் சான்றிதழ் அவ்வாண்டிலேயே கிடைத்தது. பின்னர்ப் பத்து இலட்சத்தையும் எட்டியது.

இத்தொகுப்பைக் கேட்கும்போது முதலில் வியப்பளிப்பது குரல். அகன்று கனத்த, ஆனால் சிறிதும் தளர்வில்லாத குரல். ஒவ்வொரு சொல்லும் தாளத்தின் மேல் அடித்து இறக்கிய ஆணி போல நிற்கிறது. 'போர்ட்ரெயிட் ஆஃப் எ மாஸ்டர்பீஸ்' பாடலின் விரைவில் வேறொருவர் பாடினால் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து விழும். இவரிடத்தில் ஓர் அசைகூடச் சிதைவதில்லை. 'இட்ஸ் ஃபங்கி எனஃப்' பாடலில் சற்றே ஜமைக்கா நாட்டவர் பேச்சுப் போன்ற ஒலிப்பைக் கையாளுகிறார். ட்ரே அமைத்த இசை அவ்வாறு ஒலித்ததால் விளையாட்டாய் அப்படித் தொடங்கியதாகவும், ஒரே மூச்சில் பதிவு முடிந்துவிட்டதாகவும் அவரே கூறியிருக்கிறார். அந்த விளையாட்டுத்தனம் பாட்டில் இன்றும் கெடாமல் இருக்கிறது.

அடுத்து வியப்பளிப்பது, இல்லாத ஒன்று. பிறருக்கு எழுதிய பாடல்களில் அத்தனை தாராளமாய் இறைந்து கிடந்த வசைச்சொல்லும் கொலைப்பேச்சும் இங்கே மிக மிக அருகியே காணப்படுகின்றன. தாம் எப்படிப்பட்ட சொல்வல்லார் என்பதையே பதின்மூன்று பதிவுகளிலும் திரும்பத் திரும்பச் சொல்கிறார். வானொலியில் ஒலிபரப்பாக வேண்டும் என்ற வணிகக் கணக்கும் இதில் இருந்திருக்கலாம், அதை மறுப்பதற்கில்லை. எனினும் ஒருவர் பிறர் வாயில் தயங்காமல் வைத்ததைத் தம் வாயில் வைக்கத் தயங்கினார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. மறைவிலிருந்து எழுதும்போது சொல்லுக்கு முகம் இல்லை. அதைச் சொல்லப் போகிறவன் இன்னொருவன். அவனுடைய தாய் கேட்டு வருந்தினால் அது அவன் பாடு. தம் பெயர் அட்டையில் ஏறிய அன்று நிலைமை மாறிவிடுகிறது.

ஆனால் திறனாய்வாளன் என்ற முறையில் இத்தொகுப்பின் குறையையும் சொல்லியாக வேண்டும். இவ்வளவு பெரிய குரல் கிடைத்த பின் அவர் சொன்னதென்ன? 'நான் நன்றாகச் சொல்வேன்' என்பதை மட்டுமே. டாலஸ் நகரம் இதில் இல்லை. அவரை வளர்த்தவர்கள் இல்லை. ஊரை விட்டுத் தொலைதூரம் வந்து பிறர் வீட்டில் தங்கிப் பிறருக்காக எழுதிய இளைஞனின் தனிமை இல்லை. பிறர் வாழ்வைப் பிறர் குரலில் எழுதிப் பழகியவருக்குத் தம் குரலில் சொல்லத் தம் வாழ்வு கைவரவில்லை போலும். 'தி ஃபார்முலா' பாடலுக்கு எடுக்கப்பட்ட ஒளிப்படத்தில் டாக்டர் ட்ரே ஆய்வுக்கூடத்து விஞ்ஞானியாக வந்து டி.ஓ.சி.யை ஒரு படைப்புயிராய் உருவாக்கி எழுப்புகிறார். வேடிக்கைக்காகச் செய்ததுதான். ஆயினும் பிறரைப் பேச வைத்தவர் அங்கே பிறரால் பேச வைக்கப்பட்டவராய்க் காட்சி தருவதைப் பார்க்கையில், அந்த வேடிக்கை தன்னையறியாமல் உண்மையைச் சொல்லிவிட்டதோ என்று தோன்றுகிறது. தொகுப்பின் இறுதிப் பாடலில் என்.டபிள்யூ.ஏ. நண்பர்கள் அவரோடு வந்து சேர்ந்துகொள்கிறார்கள். தனித் தொகுப்புகூடக் கூட்டத்தில்தான் முடிகிறது.

இரண்டாம் தொகுப்பில் இவையெல்லாம் சரியாகியிருக்கலாம். ஐஸ் கியூப்புக்கு அப்படித்தான் ஆயிற்று. பங்குத்தொகைத் தகராற்றினால் 1989 இறுதியில் குழுவை விட்டு விலகிய கியூப், நியூயார்க் சென்று வேறு இசையமைப்பாளர்களுடன் சேர்ந்து 1990இல் தம் முதல் தனித் தொகுப்பை வெளியிட்டார். ஈஸி-ஈயின் புகழ்பெற்ற முதல் பாடலான 'பாய்ஸ்-இன்-த-ஹுட்' இவர் எழுதியதே. மறைவிலிருந்து வெளியே வந்து நிலைத்தவர் என்றால் முதலில் அவரைத்தான் சொல்ல வேண்டும். டி.ஓ.சி.க்கு அந்தக் கால அவகாசம் கிடைக்கவில்லை.

1989 நவம்பர் மாதத்து இரவு ஒன்றில் காரைத் தாமே ஓட்டி வீடு திரும்பிக்கொண்டிருந்தவர் வழியில் கண்ணயர்ந்துவிட்டார். போதையில் இருந்ததை அவர் பின்னர் ஒளிக்கவில்லை. கார் சாலையை விட்டு விலகியது. அவர் வெளியே வீசியெறியப்பட்டார். உயிர் பிழைத்தது, குரல்வளை நசுங்கிப் போயிற்று. தொகுப்பு வெளிவந்து சில மாதங்களே ஆகியிருந்தன. முன்பிருந்த குரல் மீண்டும் வரவில்லை. கரகரத்த ஓர் இரகசியப் பேச்சுப் போன்ற ஒலியே எஞ்சியது.

குரல் போன பின்னும் சொல் இருந்தது. ஆகவே மறுபடியும் பிறருக்கு எழுதப் போனார். 1991இல் வந்த என்.டபிள்யூ.ஏ. குழுவின் இரண்டாம் தொகுப்பு, 1992 டிசம்பரில் வெளிவந்து ராப் இசையின் போக்கையே மாற்றிய டாக்டர் ட்ரேயின் 'தி க்ரானிக்', 1999இல் வந்த அவருடைய '2001' ஆகியவற்றின் பின்னே அவருடைய எழுத்துழைப்பு உண்டு. ஸ்னூப் டாக் என்ற இளைஞர் பாட்டை எப்படிக் கட்டுவது என்று தாம் கற்றுக்கொண்டது டி.ஓ.சி.யிடம் என்பதை நன்றியோடு சொல்லியிருக்கிறார். 'டெத் ரோ' நிறுவனம் தொடங்கியபோது அதன் தொடக்கக்காரர்களில் ஒருவராகவும் இருந்தார். ஆனால் செல்வம் அவரிடம் வந்து சேரவில்லை. தம் பாடல்களின் வெளியீட்டு உரிமையை இளமையில் ஒரு தங்கச் சங்கிலிக்கும் கைக்கடிகாரத்துக்கும் ஈடாய்க் கொடுத்துவிட்டதாக அவர் பேட்டிகளில் கூறியிருக்கிறார். பாட்டெழுத்தாளர்க்கு உரிமைத் தொகை என்பது நிலம் போன்றது, ஆண்டுதோறும் விளைவது. அதை அறியாத வயதில் விற்றுவிட்டார்.

பிறருக்காக இக்காலத்தில் அவர் எழுதியவற்றில் முன்பிருந்ததைவிடக் கடுமையும் இழிவும் கூடியிருப்பதை எவரும் கேட்டு அறியலாம். தம் பெயரில் பாடிய ஓராண்டில் கடைப்பிடித்த கட்டுப்பாடு, தம் குரல் போனதும் தளர்ந்தது. துன்புற்ற மனிதர்பால் இரக்கம் கொள்வது ஒன்று. அவர் எழுதியதை மதிப்பிடுவது மற்றொன்று. இரண்டையும் ஒன்றாய்க் குழப்பி, விபத்தின் பேரால் அந்த அடிகளையும் நல்லவை என்று சொல்ல எனக்கு மனமில்லை. அதே வேளையில், 'தி க்ரானிக்' போன்றவற்றில் சொல்லுக்கும் இசைக்குமான பொருத்தம் எத்துணை நயமாய் அமைந்துள்ளது என்பதைக் காதுள்ளவர் மறுக்கவும் இயலாது. தீய பொருளைத் திறம்படச் சொல்வது எப்படி என்ற இந்தச் சிக்கல் இலக்கியத்துக்குப் புதியதன்று.

1996இல்தான் எதிர்பாராதது நிகழ்ந்தது. அந்த உடைந்த குரலோடு டி.ஓ.சி. தாமே ஒலிவாங்கியின் முன் வந்து நின்றார். 'ஹெல்ட்டர் ஸ்கெல்ட்டர்' என்ற அத்தொகுப்பு வரவேற்புப் பெறவில்லை, பெற்றிருக்கவும் முடியாது. இசையமைப்பு சீராக இல்லை. உலக முடிவு, மறைமுகச் சதி என்று அக்காலத்தில் மலிந்திருந்த பேச்சுகள் இடையிடையே புகுந்து சலிப்பூட்டுகின்றன. முதல் தொகுப்பை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்பவருக்கு முதல் ஐந்து நிமிடங்கள் வேதனையாகவே இருக்கும். நானும் முதன்முறை பாதியில் நிறுத்திவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அழகான வீடு எரிந்த இடத்தைப் பார்ப்பது போலிருந்தது.

மறுமுறை கேட்டபோதுதான் 'ஃப்ரம் ரூத்லெஸ் டு டெத் ரோ' என்ற பாடல் காதில் விழுந்தது. தாம் எங்கிருந்து எங்குச் சென்றார், யாருக்காக உழைத்தார், என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்பதையெல்லாம் அதில் வரிசையாய்ச் சொல்கிறார். 1989இல் அவ்வளவு செழுமையான குரலை வைத்துக்கொண்டு சொல்லாமல் விட்டதை, 1996இல் குரலே இல்லாத நிலையில் சொல்கிறார்! இங்கே 'எனக்கு இணை யாருமில்லை' என்ற பேச்சு பொருந்தாது. பொருந்தாது என்பது அவருக்கும் தெரிகிறது. சொல் ஒவ்வொன்றும் தொண்டையில் உரசி வருகிறது. ஓர் அடியை முடிக்க மூச்சைச் சேர்க்கிறார். முன்பு தாளத்தின் மேல் ஏறி நின்றவர் இப்போது அதன் பின்னே நடந்து வருகிறார். பாடும் திறம் என்று பார்த்தால் இது தோல்வி. சாட்சியம் என்று பார்த்தால், அவர் சாட்சிக் கூண்டில் உண்மையாகவே ஏறியது இந்த ஒருமுறைதான் என்பேன். விமர்சகர் பலர் இத்தொகுப்பை ஒரே வாக்கியத்தில் ஒதுக்கிவிட்டனர். அவர்கள் சொன்னது பொய்யன்று. ஆனால் இந்த ஒரு பாடலையேனும் அவர்கள் தனியே எடுத்துப் பேசியிருக்கலாம்.

நம் வாசகர்க்கு அணுக்கமான மற்றோர் எடுத்துக்காட்டையும் இங்கே குறிப்பிடலாம். 2004இல் கான்யே வெஸ்ட் பாடிய 'ஜீஸஸ் வாக்ஸ்' உலகப் புகழ் பெற்றது. கிறிஸ்துவின் பெயரைச் சொன்னால் வானொலியில் இடம் கிடைக்காது என்ற வணிக அச்சத்தை வெளிப்படையாகவே எதிர்த்துக் கேட்ட ராப் பாடல் அது. அதன் சொற்களில் பங்குடையவர் ஷிகாகோவைச் சேர்ந்த சே ஸ்மித். ராப் உலகில் ரைம்ஃபெஸ்ட் எனப்படுபவர். 2005இல் அப்பாடலுக்குக் கிராமி விருது கிடைத்தது. 2006இல் அவர் தம் தனித் தொகுப்பான 'புளூ காலர்' வழியே வெளியே வந்தார். உழைக்கும் மக்களின் உடையைக் குறிக்கும் தலைப்பு அது. விற்பனை பெரிதாயில்லை. பின்னர் 'செல்மா' திரைப்படத்துக்கான 'குளோரி' பாடலிலும் அவர் எழுத்து இருந்தது. 2015இல் ஆஸ்கர் விருது காமன், ஜான் லெஜண்ட் ஆகிய இருவர் பெயரில் வழங்கப்பட்டது. மறு ஆண்டின் கிராமி விருதில்தான் மூன்றாமவரின் பெயரும் சேர்ந்தது. குறிப்பேட்டை எடுத்துக் கொடுத்த காஸுக்கும் இவருக்கும் இடையே முப்பத்தைந்து ஆண்டுகள். நிலைமை சற்றே முன்னேறியிருக்கிறது என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

இத்தகையோரோடு ஒப்பிடுகையில் டி.ஓ.சி.யின் தனித்தன்மை விளங்கும். மற்றவர்க்கு மறைவிலிருந்து வெளியே வருவது ஒரு பயணம். வந்தார்கள், வென்றார்கள் அல்லது தோற்றார்கள். இவர் வந்தார், வென்றார், உடனே மறைவுக்குள் திருப்பி அனுப்பப்பட்டார். பிறகு வெல்ல வழியில்லை என்று தெரிந்தே மீண்டும் ஒருமுறை வந்தார். அந்த இரண்டாம் வருகையை நான் முதலாவதைவிட மதிக்கிறேன். எனினும் யாரேனும் கேட்டால் கையில் எடுத்துக் கொடுப்பது முதல் தொகுப்பைத்தான். இந்த முரண்பாட்டைத் தீர்க்க எனக்கு வழி தெரியவில்லை.

2003இல் 'டூஸ்' என்ற மூன்றாம் தொகுப்பு வந்தது. அட்டையில் அவர் பெயர் இருக்கிறது. உள்ளே பெரும்பாலும் ஒலிப்பவை சிக்ஸ்-டூ முதலிய பிறருடைய குரல்கள். அவர் ஆங்காங்கே சிறிது பேசுகிறார். 2015இல் என்.டபிள்யூ.ஏ. குழுவின் கதை திரைப்படமாய் வந்தபோது அதில் அவர் ஒரு துணைப் பாத்திரம். அவரை மையமாய்க் கொண்ட ஆவணப்படம் 2022இல் நியூயார்க்கின் டிரைபெக்கா விழாவில் திரையிடப்பட்டது. குரலை ஓரளவேனும் மீட்கும் நோக்குடன், ஆபத்தும் நிறைந்த அறுவை மருத்துவம் ஒன்றைச் செய்துகொள்வதா வேண்டாமா என்று அவர் அதில் தயங்குகிறார். அந்தத் தயக்கத்தையும் அதே கரகரத்த குரலில்தான் சொல்கிறார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாய் அவரோடு வாழ்ந்துவிட்ட குரல் அது.